மாப்பிள்ளை ஓடுறார்

மாப்பிள்ளை, நீங்க ஓடுறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. அதை முதல்லயே சொல்லிடுறேன். உங்க மாமியார் என்கிட்ட வந்து கண்ணைக் கசக்கினப்பகூட உங்க பக்கம்தான் பேசினேன். "அவருக்குக் கடன் இல்ல, கேஸ் இல்ல, யாரும் துரத்தவும் இல்ல. மெயின்லேண்ட்ல வசதிப்பட்டவங்க காலையில இப்படித்தான் ஓடுவாங்களாம், தங்கச்சி"ன்னு எடுத்துச் சொன்னேன். "சரிண்ணே, ஓடி எங்க போறார்?"னு கேட்டா. "எங்கயும் போகல. ஓடிட்டு, கிளம்பின இடத்துக்கே வந்துடுவார்"னேன். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு நிஜமாவே கவலை வந்துச்சு.

உங்க கோயம்புத்தூர்ல ரேஸ்கோர்ஸ்னு ஒரு இடம் இருக்காமே, நடக்கவும் ஓடவும்னே பாதை போட்டு வச்சிருக்காங்களாமே, நம்ம பொண்ணு சொன்னா. அந்தமான்ல இருக்குற இந்தப் பெரார்கஞ்ச் பஜாரைச் சுத்தி ரோடு போட்டவங்களுக்கு அந்த யோசனை வரல. இங்க ஒரு ஆள் ஓடினா பார்க்கிறவன் மனசுல ரெண்டே விஷயம்தான் வரும். ஒண்ணு, வீட்டுல யாருக்கோ என்னவோ ஆயிடுச்சு. இன்னொண்ணு, ஃபெர்ரி கிளம்பிடுச்சு. அதனாலதான் ஸ்கூட்டர்க்காரங்க நிறுத்தி நிறுத்தி "பைட்டோ சாப், பைட்டோ"ன்னு ஏறி உக்காரச் சொல்றாங்க. நீங்க காதுல எதையோ சொருகிக்கிட்டு, கையை ஆட்டிட்டுத் தாண்டிப் போயிடுறீங்க. உதவிக்கு வந்தவனை உதறிட்டுப் போறார், ரொம்ப மானஸ்தர்னு உங்களுக்கு ஊர்ல ஒரு பேர் விழுந்தாச்சு. அது நல்ல பேர்தான், இருக்கட்டும்.

ஓட்டம் இந்தத் தீவுக்குப் புதுசுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. ஊரே ஓட்டத்துலதான் ஆரம்பிச்சுச்சு. 1858 மார்ச்சுல டாக்டர் வாக்கர்ங்கிற துரை இருநூறு கைதிகளோட வந்து இறங்கினார். இறங்கின சூட்டோட ஓட ஆரம்பிச்சுட்டாங்க. காட்டுக்கு அந்தப் பக்கம் பர்மா இருக்கு, நடந்தே போய்ச் சேர்ந்துடலாம்னு நம்பிக் கூட்டம் கூட்டமா ஓடினாங்க. அந்தப் பக்கமும் கடல்தான்னு தெரிஞ்சு, பசி தாங்காம திரும்பி வந்தவங்கள்ல எண்பது பேருக்கு மேல வாக்கர் ஒரே நாள்ல தூக்குல போட்டார். இன்னிக்கு ஓடி முடிச்சவனுக்கு மெடல் கொடுக்குறாங்க. கழுத்துல மாட்டுறது அன்னிக்கும் உண்டு, இன்னிக்கும் உண்டு, மாட்டுற சாமான்தான் வேற.

அந்தக் கூட்டத்துலயும் ஒரு கெட்டிக்காரன் இருந்தான், தூத்நாத் திவாரின்னு. 276ஆம் நம்பர் கைதி, முன்னாடி பட்டாளத்துல சிப்பாய். 1858 ஏப்ரல்ல ராஸ் தீவுலேர்ந்து ஓடினான். கூட ஓடினவங்க அம்புக்கு இரையாயிட்டாங்க, இவன் மட்டும் தப்பிச்சு, அந்தமானியர்களோடயே கலந்து ஒரு வருஷம் காட்டுல இருந்துட்டான். ரெண்டு கல்யாணமும் ஆச்சு. 1859 மே மாசம் அந்த ஜனங்க அபர்டீன்ல வெள்ளைக்காரன் மேல பாயப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஓடி வந்து துரைகிட்டச் சொல்லிட்டான். அவனுக்கு மன்னிப்பு கிடைச்சுச்சு, ஊருக்கு அனுப்பி வச்சாங்க. பொண்ணு கொடுத்தவங்களைக் காட்டிக் கொடுத்த பயல், அதுல எனக்கு அவன் மேல மரியாதை கிடையாது. மாப்பிள்ளைமாரை நம்பக் கூடாதுன்னு உங்க பெரிய மாமனார் சொன்னதுகூட அந்தக் கதையை வச்சுத்தான், உங்களை வச்சு இல்ல. ஆனா ஓட்டக்காரன்ங்கிற கணக்குல பாருங்க: எப்ப ஓடணும்னும் தெரிஞ்சிருக்கு, எப்பத் திரும்பணும்னும் தெரிஞ்சிருக்கு. மத்தவனுக்கெல்லாம் முதல் பாதிதான் தெரிஞ்சுச்சு.

ஜப்பான்காரன் இருந்த 1942லேர்ந்து 1945 வரைக்கும் காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்ச கதைகளும் உண்டு. 1942க்கு முன்னாடியே இங்க இருந்த ப்ரீ-42 வீட்டுப் பாட்டிமார்கிட்டக் கேட்டா சொல்லுவாங்க. அது சிரிக்கிற கதை இல்ல, விட்டுடுவோம். 2004 டிசம்பர் 26 காலையில சுனாமி வந்தப்ப நாங்க எல்லாரும் டிக்ரியை, அதான் மேட்டை, பார்த்து ஓடினோமே, அன்னிக்கு எவனும் ஷூ தேடல.

இப்ப தினசரி ஓட்டம் பார்க்கணும்னா பாம்பூ பிளாட் ஜெட்டிக்கு ஒரு நாள் வாங்க. சாத்தம் போற வண்டி ஃபெர்ரி கயிறு அவிழ்க்குற நேரம். ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போற ஸ்டாஃப், ஒரு கையில டிபன் கேரியர், ஒரு கையில குடை, வாயில பான். அந்த மனுஷன் ஆபீஸ்ல ஒரு ஃபைலை இந்த மேஜையிலேர்ந்து அந்த மேஜைக்கு நகர்த்த ஆறு மாசம் எடுப்பார். ஜெட்டியில அவர் கால் தரையில பட்டுப் பார்த்தவன் கிடையாது. கேட்டைச் சாத்துறதுக்கும் படகு விலகுறதுக்கும் நடுவுல இருக்குற ஒரு முழ இடைவெளியில, கேரியர்ல இருக்குற ரசம் சிந்தாம, உள்ளே போய் நின்னுடுவார். நின்ன அடுத்த நொடியே பேச்சு ஆரம்பிச்சுடும், மூச்சு வாங்காது. உங்க வாட்ச்சை அவர் கையில கட்டிவிட்டா அது வெட்கப்பட்டு நின்னுடும். அவர் நாள் முழுக்க ஓடுறது அந்த இருபது அடிதான். ஆனா அதுல ஒரு அடி வீண் இல்ல பாருங்க.

சரி, ரூட் கேட்டீங்க. சொல்றேன். மெயின்லேண்ட்ல ரூட்னா எத்தனை கிலோமீட்டர்னு கேப்பீங்க. இங்க திரும்புற இடம் எதுன்னு முதல்ல கேக்கணும். திரும்புற இடத்தை மணியும் மழையும் கடலும் சர்க்காரும் சேர்ந்து முடிவு பண்ணும். உங்க வாட்ச்சுக்கு அந்தக் கமிட்டியில இடம் கிடையாது.

மணியை முதல்ல பார்ப்போம். உங்க கடிகாரமும் எங்க கடிகாரமும் ஒரே நேரம்தான் காட்டும், ஆனா சூரியன் அதை ஒத்துக்காது. உங்க ஊரைவிட இங்க ஒரு மணி நேரம் முன்னாடி விடியும். மே, ஜூன்ல காலை அஞ்சுக்கு முன்னாடியே வெளிச்சம் வந்துடும். நவம்பர் கடைசியில சாயங்காலம் அஞ்சுக்கு முன்னாடியே சூரியன் விழுந்துடும். நீங்க ஊர் வழக்கப்படி ஆபீஸ் விட்டு வந்து, டீ குடிச்சு, கயிறு கட்டி, கையைக் காலை இழுத்து, ஆறு மணிக்குக் கிளம்புவீங்க. அப்ப இங்க பூரான் கிளம்புற நேரம். கன்கஜூரான்னு சொல்லுவோம். உங்க ஊர்ப் பூரானை நினைச்சுக்காதீங்க, இது அதோட தாத்தா. அதுக்கும் நிறையக் கால் இருக்கு, அதுவும் ஓடும், அதுக்கு லைட்டு வேண்டியதில்ல.

மலை ஏறணும்னு ஆசைப்பட்டீங்களே. பஸ் புடிச்சு பாம்பூ பிளாட் பக்கம் போங்க, ஹோப் டவுன்லேர்ந்து ரோடு மேலே போகும். மவுண்ட் ஹாரியட். டைட்லர்னு ஒரு துரை இங்க சூப்பரின்டெண்டா இருந்தார், அவர் சம்சாரம் பேர் ஹாரியட். துரை மலைக்குப் பொண்டாட்டி பேர் வச்சார், நம்ம ஆளுங்க படகுக்கு வைக்கிறாங்க. 2021லேர்ந்து சர்க்கார் கணக்குல அது மவுண்ட் மணிப்பூர். 1891 சண்டைக்குப் பிறகு மணிப்பூர் ராஜா குலச்சந்திர சிங்கையும் அவர் ஆட்களையும் நாடு கடத்திக் கொண்டுவந்து அந்த மலையிலதான் வச்சிருந்தாங்க. உயரம் 365 மீட்டர்ங்கிறான் ஒருத்தன், 383ங்கிறான் இன்னொருத்தன். ஏறுறவன் முட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான். காட்டு இலாகா கேட்டுல சீட்டு வாங்கிட்டு ஏறுங்க. அடி சின்னதா வைங்க, வளைவுல வேகம் காட்டாதீங்க. மேலே நின்னு நார்த் பே பக்கம் பார்த்தா பழைய இருபது ரூபா நோட்டோட பின்பக்கம் தெரியும். அந்தக் காட்சியைத்தான் அதுல அச்சடிச்சாங்க. இருபது ரூபாய்க்கு இவ்வளவு வேர்வையான்னு தோணும். பரவாயில்ல.

ஏறுறதுல தப்பு இல்ல மாப்பிள்ளை, இறங்குற நேரத்துலதான் விவகாரம். 1872 பிப்ரவரி 8. வைஸ்ராய் மேயோ பிரபு. பகல் முழுக்கத் தீவு தீவாப் பார்த்து முடிச்சுட்டார், அதோட கப்பலுக்குப் போயிருக்கலாம். மலை மேலேர்ந்து சூரியன் இறங்குறதைப் பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சு. நோயாளிங்க தங்க மேலே ஒரு இடம் கட்டலாமான்னும் பார்க்கணுமாம், காரணம் இல்லாம துரைங்க மலை ஏற மாட்டாங்க. ஏறினார், பார்த்தார், ரொம்ப அழகுன்னார். கீழே ஹோப் டவுன் ஜெட்டிக்கு வர்றப்ப இருட்டிப் போச்சு. தீப்பந்தம் இருந்துச்சு, போலீஸ் இருந்துச்சு, கப்பல் கண்ணெதிர்ல நின்னுச்சு. ஷேர் அலின்னு முடிவெட்டுற கைதி, கத்தியோட காத்துக்கிட்டிருந்தார். பதவியில இருக்கப்பவே கொலையுண்ட வைஸ்ராய் அவர் ஒருத்தர்தான். மார்ச் 11ல ஷேர் அலியை வைப்பர் தீவுல தூக்குல போட்டாங்க. இந்தியாவையே ஆண்டவருக்கு ஹாரியட்லேர்ந்து இறங்குற நேரம் தெரியல. நீங்க ஜூனியர் இன்ஜினியர். மூணு மணிக்கெல்லாம் கீழே இருங்க.

மேலேர்ந்து காலா பத்தருக்கு ஒரு ஒத்தையடிப் பாதை போகும், ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். அதையும் தாண்டி மதுபன் வரைக்கும் 16 கிலோமீட்டர் காட்டுப் பாதை இருக்குன்னு சொன்னா உங்க கண்ணு விரியுது. விரியாதீங்க. அது ஆள் துணையோட, சொல்லிட்டுப் போற பாதை. மழைக்காலத்துல அந்தப் பாதையில ஓடினா உங்களை ஒருத்தரும் முந்த மாட்டாங்க, அட்டை மட்டும் கூடவே வரும். ஒரு இடத்துல நின்னு மூச்சு வாங்கினீங்கன்னா அதுக்கு சம்மதம்னு அர்த்தம். புகையிலைத் தண்ணியில காலுறையை நனைச்சுப் போட்டுக்குங்க. மாமியார் மூக்கைப் பொத்துவாங்க, அட்டையும் பொத்திக்கும்.

மேடு ஒத்துக்கல, சமதளமா ஒரு ரூட் சொல்லுங்கன்னு போன வாரம் கேட்டீங்க. சமதளம் இருந்துச்சு மாப்பிள்ளை. ஓக்ராபிராஜ், மீட்டாகாடி, சிப்பிகாட் பக்கமெல்லாம் நெல்லு விளைஞ்ச பூமி. 2004 பூகம்பத்துல தென் அந்தமான் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இறங்கிடுச்சு. வயலுக்குள்ள வந்த கடல் திரும்பிப் போகவே இல்ல. இப்ப அங்க நாரையும் கொக்கும் நிக்குது, அதைப் படம் புடிக்கப் பெரிய பெரிய கேமராவோட ஆளுங்க வர்றாங்க. விதைச்சவன் பஜார்ல அரிசி வாங்குறான். அந்தத் தண்ணியோரத்துல ஓடலாம், காத்து நல்லா வரும், மேடு கிடையாது. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி மீன்காரன்கிட்ட கடல் ஏத்தம் எப்பன்னு கேட்டுட்டுப் போங்க. போறப்ப இருந்த ரோடு வர்றப்ப நாலாவா, அதான் ஓடையா, இருக்கும். நாலாவுல முதலை உண்டு, உப்புத்தண்ணி முதலை. ஆரம்பத்துல கொஞ்ச தூரம் அதுவும் நல்லா ஓடும்னு கேள்வி. அதுக்கு மேல அதுக்கு மூச்சு நிக்காதாம். உங்களுக்கும் அப்படித்தான்னு நம்ம பொண்ணு சொல்லுது, ஆக யார் முதல்ல களைக்கிறதுன்னு பந்தயம் வைக்க வேண்டாம். அங்க போனா தண்ணியோரத்துல நண்டு விக்கிற ஒரு பெரியவர் இருப்பார். என் பேரைச் சொல்லிட்டு வாங்க, அவ்வளவுதான்.

அடுத்தது உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை: விடியக்காலம் நாலு மணிக்கு ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல அந்தமான் ட்ரங்க் ரோட்ல வடக்கே ஓடுறது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரமா? மாப்பிள்ளை, அந்த ரோட்டோட பட்டப்பகலே அதுதான். பாராடாங் தீவைப் பார்க்க வந்த டூரிஸ்டுங்களை ராத்திரி ரெண்டரைக்கே போர்ட் பிளேர்ல தட்டி எழுப்பி வண்டியில போட்டுடுவாங்க. ஜிர்காடாங் கேட்டுல காலை முதல் கான்வாய்க்கு முன் வரிசை புடிக்கணும். டிரைவருக்குத் தூக்கம், பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு வாந்தி, ரோட்டுல வளைவு. அதுக்கு நடுவுல கருப்பு பனியன் போட்டுக்கிட்டு நீங்க. பெரார்கஞ்சுலேர்ந்து அந்தப் பக்கம் ஓடணும்னா கான்வாய் போன பிறகு, வெளிச்சத்துல, கலர் சட்டையில, வண்டிக்கு எதிர்ப்பக்கமா ஓடுங்க.

ஓடினாலும் ஜிர்காடாங் கேட் வரைக்கும் வேண்டாம், ரொம்ப முன்னாடியே திரும்பிடுங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் நாற்பத்தொன்பது கிலோமீட்டர் ஜாரவா ஜனங்களோட காடு. வண்டியே நிக்கக் கூடாது, கண்ணாடி இறக்கிப் படம் எடுக்கக் கூடாது, சாப்பிட எதையும் நீட்டக் கூடாது. 1956லயே போட்ட சட்டம் இருக்கு. 2002ல சுப்ரீம் கோர்ட் அந்த ரோட்டையே மூடச் சொல்லிச்சு. ரோடு இன்னும் திறந்துதான் இருக்கு, அது வேற கதை, அதைப் பத்தி நான் வாயைத் திறந்தா ரெண்டு கட்சிக்காரனும் என் வீட்டுக்கு வருவான். திரூர் பக்கம் போனாலும் இதே சேதிதான், ரிசர்வ் காட்டோரம் எட்டிப் பார்க்குற வேலை வேண்டாம். இந்தத் தீவுல நிஜமா ஓடத் தெரிஞ்சவங்க அவங்கதான். பன்னி பின்னாடி ஓடுவாங்க, வில்லும் அம்பும் கையில இருக்கும், கீழே வேர் இருக்கும், மேலே கொடி இருக்கும். அவங்களுக்கு 1997 வரைக்கும் நம்ம சகவாசமே வேண்டாம்னு இருந்துச்சு. இப்ப வந்திருக்குற சகவாசத்துல நீங்களும் ஒரு ஆளாப் போய்ச் சேர வேண்டாம். உங்க ஷூ கம்பெனியோட விளம்பரத்துக்கு அவங்க காடு பின்னணி இல்ல.

இதெல்லாம் வேண்டாம், உள்ளூர்லயே ஒரு நல்ல சுத்து சொல்றேன். 1921 மலபார் கலவரத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரன் அந்த ஊர் மாப்பிளை முஸ்லிம்களை இங்க நாடு கடத்தினான். வந்தவங்க காட்டை வெட்டிக் குடியேறின இடத்துக்கெல்லாம் ஊர்ப்பேரையே வச்சுட்டாங்க. மன்னார்காட் இருக்கு, மலப்புறம் இருக்கு, திரூர் இருக்கு, தெற்கே வண்டூர்கூட இருக்கு. ரெண்டு நாள் இந்தப் பக்கம் ஓடிட்டு, "மலப்புறத்துலேர்ந்து மன்னார்காட் வரைக்கும் ஓடினேன்"னு ஊர்ல இருக்குற சிநேகிதங்களுக்குப் போடுங்க, மேப் வச்சுப் பார்த்துட்டு மயங்கி விழுவாங்க. பொய்யும் இல்ல. சந்து சந்தா மேடு இறக்கம் இருக்கும், ரெண்டு பக்கமும் பாக்குத் தோட்டம், நிழல். பாக்கு உலர்த்திப் போட்டிருப்பாங்க, மிதிச்சுடாதீங்க. நாய் துரத்தினா நின்னுடுங்க. இங்கத்து நாய்க்கும் உங்க மாமியார் சந்தேகம்தான், எதுக்கு ஓடுறான்னு தெரிஞ்சுக்க ஆசை. நின்னுட்டா அதுக்கும் சுவாரஸ்யம் போயிடும். அந்த வழியில ஒரு காக்கா கடை இருக்கு, மாப்பிளை அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். சுலைமானி, அதான் கட்டன் சாயா, நல்லா போடுவார். அங்கயும் என் பேரைச் சொன்னா போதும், அவருக்கே ஞாபகம் வந்துடும்.

மழையைப் பத்தி உங்களுக்குச் சொல்லவே பயமா இருக்கு. நாடு முழுக்க வானிலைக்காரங்க மழை எப்பன்னு விரலை மடக்கிட்டிருக்கப்ப, மே மாசம் நடுவுலயே அது எங்க கூரையில இறங்கிடும். தென்மேற்கு முடிஞ்சா வடகிழக்கு. வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் சுமார். ஜூன்ல ஒரு நாள் ஷூ நனைஞ்சுச்சுன்னா அது டிசம்பர்ல காயும். செம்மண் சரிவு பொங்கல் வழுக்குமரமா மாறிடும், ஒரு வித்தியாசம், இதுல உச்சியில பணமுடிப்பு கிடையாது. ஏறுறதைவிட இறங்குறப்பதான் தொடை கழண்டு போகும், மறுநாள் நீங்க படியில பின்பக்கமா இறங்குறதைப் பார்த்துட்டு எங்க வீட்டுச் சின்னது அதே மாதிரி இறங்கிக் காட்டுது. ரோட்டுல நத்தை கிடக்கும், உள்ளங்கை அகலம். ஆப்பிரிக்க நத்தை, ஜப்பான்காரன் சாப்பாட்டுக்குன்னு கொண்டுவந்து விட்டது. அவன் போயிட்டான், இது இருக்கு. அதுமேல கால் வச்சீங்கன்னா ரெண்டாம் உலகப் போர்ல கடைசியா விழுந்தவர் நீங்கதான்.

வேர்வை காயாது, அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். காத்துல ஈரம் நிறைஞ்சு கிடக்கு, உங்க தண்ணியை வாங்கிக்க அதுக்கு இடம் இல்ல. உடம்பு சூடு இறங்காது. அதனால கோயம்புத்தூர்ல ஓடின வேகத்தை இங்க எதிர்பார்க்காதீங்க. பேச்சு வராத அளவுக்கு மூச்சு வாங்கினா நடங்க. நடந்தா ஆம்பளைத்தனம் குறையாது, நான் வாழ்நாள் முழுக்க நடந்துதான் பார்த்திருக்கேன். பாட்டில்ல கலர் தண்ணி கலக்கிக் குடிக்கிறீங்களே, அதுல என்ன இருக்குன்னு பொண்ணு படிச்சுச் சொன்னா: உப்பு, சக்கரை, பொட்டாசியம். நம்ம வாசல் மரத்துல பொட்டாசியம் குலை குலையாத் தொங்குது. அதைப் பறிக்கத்தான் ஆள் இல்ல. ஓடுறவருக்கு ஏறுறதும் ஒரு பயிற்சிதானே, யோசிங்க.

2020 ஆகஸ்ட்டுக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா உங்க நிலைமை கஷ்டம். அந்த மாசம் பத்தாம் தேதிதான் சென்னையிலேர்ந்து கடலுக்கடியில வந்த இன்டர்நெட் கேபிளைத் திறந்து வச்சாங்க. அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ போகவே பொழுது விடியும். எவன் எவ்வளவு ஓடினாலும் அவனுக்கும் அவன் முட்டிக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப நீங்க டிக்ரி ஏறி இறங்குறதுக்குள்ள சிங்காநல்லூர்ல ஒருத்தர் கட்டைவிரலைத் தூக்கிடுறார். சந்தோஷம். ஆனா காட்டுக்குள்ள மரம் மூடின இடத்துல அந்த வாட்ச் தடுமாறுதே, கவனிச்சீங்களா? போன தடவை நீங்க நாலாவுக்கு நடுவுல ஓடினதா படம் காட்டுச்சு. முதலைமேல சவாரி வந்தீங்களோன்னு உங்க மாமியார் தீபாராதனை காட்டினாங்க.

சேடில் பீக் போகணும்னும் ஒரு நாள் பேச்சு வந்துச்சு. திக்லிபூர் பக்கம், 732 மீட்டர், இந்தத் தீவுக்கூட்டத்துலயே உயரமான மலை அதுதான். காலிப்பூர் கடலோரத்துலேர்ந்து ஏறணும், காட்டு இலாகா அனுமதி வாங்கணும், போக வர ஒரு முழு நாள். போங்க, ஆனா லீவு எடுத்துக்கிட்டு, பொண்ணையும் கூட்டிக்கிட்டு. அவ உங்களைவிட நல்லா ஏறுவா. இந்த டிக்ரியில தண்ணிக்குடம் சுமந்து வளர்ந்தவ, அவளுக்கு வாட்ச் வாங்கித் தரல யாரும்.

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கு உங்களுக்கு ஏத்தது பஜார் சுத்துதான், நான் யோசிச்சு வச்சுட்டேன். அஞ்சேகாலுக்குக் கிளம்புங்க. முதல்ல காக்கா கடை. சுலைமானி குடிச்சுட்டு என் பேரைச் சொன்னீங்கன்னா ஒரு கவர் கொடுப்பார், போன வருஷத்துப் பாக்குக் கணக்கு, எண்ணிப் பார்த்து வாங்குங்க. அங்கேர்ந்து இறக்கம், தண்ணியோரம். ஏத்தம் காலையில இல்ல, கேட்டு வச்சிருக்கேன். நண்டுக்காரர் ஒரு பை எடுத்து வச்சிருப்பார், கொடுக்கைக் கட்டித்தான் தருவார், ஆனாலும் முதுகோட ஒட்டி மாட்டாதீங்க. அதோட ஒரே மேடு, பஜார். முன்னாடியே ஓடிப் பழகின கால், பத்து நிமிஷத்துல ஏறிடுவீங்க. போறப்ப வெறும் முதுகா போறதுக்கு இந்தக் கொப்பரை மூட்டையையும் மாட்டிக்குங்க, சின்னதுதான், மெயின்லேண்ட்ல எடை கட்டிக்கிட்டு ஓட காசு கொடுத்து உடுப்பு வாங்குறாங்களாமே. கொப்பரையைப் போட்டுட்டு, சுர்மை, அதான் வஞ்சிரம், வந்திருந்தா ஒரு நடுத்துண்டு வாங்குங்க. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கணும். வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே நின்னீங்கன்னா, அவசரக்காரர்னு தெரிஞ்சு மீன்காரன் முந்தாநேத்து ஐஸ்ல கிடந்ததைத் தலையில கட்டிடுவான்.